நான்காம் தரை

எங்கள் வீட்டுக் கதவு இப்போது சன்னல்.
பழைய சன்னல் வெறும் பிளவு,
அதன் வழியே பூனை மட்டும் போகிறது.
உள்ளே வர யாரானாலும் குனிய வேண்டும்,
மின்கட்டணம் கேட்டு வருகிறவர் உட்பட.
அவர் குனியும்போது எனக்கொரு சின்னத் திருப்தி.

செமராங்கின் வடகரையில் நிலம் தாழ்கிறது,
ஆண்டுக்கு நாலு விரற்கடை.
கடலும் சும்மா இருப்பதில்லை.
என் வீட்டுக்காரர் கஸ்முரி, கொத்தனார்.
ஐந்தாறு வருஷத்துக்கொருமுறை
லாரிமண் கொட்டித் தரையை ஏற்றுகிறார்.
கூரையைத் தொடுவதில்லை, அதற்குக் காசில்லை.
முதல் தரை சிவப்புச் சிமென்ட், கல்யாணத்துக்குப் போட்டது.
அடுத்தது வெள்ளை ஓடு.
லிந்தாங் அதில்தான் விழுந்து விழுந்து நடந்தான்.
மூன்றாவது வெறுங்கலவை, எந்த ஞாபகமும் இல்லாதது.
மூன்றும் இப்போது எங்கள் பாய்க்கு அடியில்
ஒன்றன்மேல் ஒன்றாக நனைந்து கிடக்கின்றன.
சாண் ஏறினால் முழம் சறுக்குமாம்.
நாங்கள் ஏறவுமில்லை, சறுக்கவுமில்லை.
நின்ற இடத்தில் நிற்கவே
இத்தனை லாரி.

நான் வேலை செய்வது ஜீன்ஸ் துவைக்கும் ஆலையில்.
புதுத் துணியைத் தேய்த்துப் பழசாக்குவோம்,
தொலைதேசத்தில் யாரோ கூடுதல் விலை கொடுக்க.
கொல்லையில் ஆழ்குழாய்;
எவ்வளவு ஆழம் என்று மேஸ்திரிக்கும் தெரியாது.
இளநீரின் அடியைக் குழல் இழுக்கிற சத்தம்
இரவெல்லாம்.
நாங்கள் நிற்கிற நிலத்தைத்தான் அது குடிக்கிறது.
மாதக் கடைசியில் என் உறையில் இருக்கும் பணம்
அந்தத் தண்ணீரில் நனைந்ததுதான்.

செவ்வாய்க்கிழமை கூட்டம்.
நகராட்சி அதிகாரி நல்லவர்;
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார்.
வீட்டுக்கு ஐந்து மூட்டை சிமென்ட், இந்த மாதமே.
ஆலைக் குழாய்களை மூடுவது படிப்படியாக, இருபது வருஷத்தில்.
"படி எங்கே இருக்கிறது, தண்ணிக்கு அடியிலா?"
என்றாள் சுலஸ்த்ரி, மீன் காயவைப்பவள்.
எல்லாக் குழாயையும் இந்த மழைக்குள் மூடு,
யார் எவ்வளவு குடித்தார்கள் என்று சுவரில் எழுது,
குடித்தவன் செலவில் ஊரையே மேட்டில் கட்டு என்றாள்.
சிரித்தார்கள்.
அப்புறம் சிரிக்கவில்லை.

சிமென்ட்டுக்குக் கை தூக்கியவர்களில் கஸ்முரியும் ஒருவர்.
சுலஸ்த்ரிக்குத் தூக்கச் சொன்னபோது
என் கை தோள்வரை வந்தது.
குழாயை மூடினால் முதலில் மூடப்போவது எந்தக் கேட் என்று
கைக்குத் தெரிந்திருந்தது.
அங்கேயே நின்றது.
எண்ணியவர் என்னைச் சேர்த்தாரா, விட்டாரா தெரியாது.

ராத்திரி அவர் சொன்னார்:
இன்றைக்குப் பாய் நனையாமல் இருக்கணும், ரொஹ்மா.
ஊரை மேட்டில் கட்டும்வரை பிள்ளையை எங்கே படுக்கவைப்பாய்?
நான் சொன்னேன்:
நீங்கள் ஏற்றின ஒவ்வொரு சாணும்
அவர்களுக்கு ஐந்து வருஷம் வாங்கிக் கொடுத்தது.
சொல்லியிருக்கக் கூடாது.
முதுகுவலியோடு போட்ட தரைகள்.
விளக்கை அணைக்காமலே திரும்பிப் படுத்தார்.

படிவத்தில் தரையின் உயரத்துக்கு ஒரு கட்டம் உண்டு.
நிற்கிறவர் உயரத்துக்கு இல்லை.

மூட்டைகள் வெள்ளியன்று வந்தன.
அன்றிரவே ஓதமும் வந்தது.
அடி மூட்டை உறைந்து கல்லாகிவிட்டது.
காலையில் லிந்தாங்கைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தினார்.
பதினைந்து வயது, கொக்கு மாதிரி வளர்ந்திருக்கிறான்.
புதுத் தரை வரும் மட்டத்தில் கரியால் ஒரு கோடு;
அங்கிருந்து உத்தரம்வரை முழம் போட்டார்.
மறுபடி போட்டார்.
மூன்றாவது தடவை
பிள்ளையின் தலையிலிருந்து கீழே அளந்தார்,
அப்படி அளந்தால் வேறு கணக்கு வரும் என்பதுபோல.

கரண்டியை எடுத்தார். வைத்தார்.
"சுலஸ்த்ரி வீடு எது?" என்று கேட்டார்,
இருபது வருஷமாக அந்த வீட்டுத் தரையையும்
ஏற்றிக் கொடுத்தவர்.